அரங்கு நிறைந்தும் நட்டம்: கலைக்குப் பொதுப்பணம் எதற்கு?

ஜூன் 2

ஒரு வாசகரின் கேள்வி: “நாடகமோ பாட்டோ ஓவியமோ, நன்றாக இருந்தால் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆள் வராத கலையை வரிப்பணத்தில் ஏன் தூக்கி நிறுத்த வேண்டும்? செருப்புக் கடையில் வியாபாரம் இல்லையென்றால் அரசு மானியம் தருகிறதா? கலைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?”

ஜூன் 2, இரவு

ஆள் வராததால்தான் நட்டம் வருகிறது என்று வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். எனக்கு அங்கேயே உடன்பாடில்லை.

பதினோரு வருடம் ஒரு சிறிய நாடகக் குழுவுக்கு வரவு செலவு எழுதியிருக்கிறேன். எங்களுக்கு வந்த மிகப் பெரிய நட்டம் ஐந்து காட்சியும் அரங்கு நிறைந்த நாடகத்தில் வந்தது. கடைசி இரண்டு நாளும் வாசலில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பினோம்.

கணக்கைச் சொல்கிறேன். எட்டு பேர். நாற்பது நாள் ஒத்திகை, நாளைக்கு நான்கு மணி நேரம். அதுவே 1,280 மணி நேரம். காட்சி நாட்களில் ஒப்பனை, நடிப்பு, மேடையைக் கழற்றுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூன்று மணி நேரம். எட்டு பேருக்கு ஐந்து நாளில் 120. ஆக மொத்தம் 1,400 மணி நேர உழைப்பு. அரங்க வாடகை, விளக்கு, ஒலி, மேடை அமைப்பு இவற்றுக்குக் கொடுத்து முடித்தபோது சீட்டு விற்ற பணம் தீர்ந்து, மேற்கொண்டு எங்கள் கைக்காசும் போயிருந்தது. அந்த 1,400 மணி நேரத்துக்கு யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆள் வந்தும் இந்த நிலை. அதனால் “நன்றாக இருந்தால் ஓடும்” என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாடகம் நன்றாக இருந்தது, ஓடவும் செய்தது.

ஜூன் 3

இந்தப் பள்ளத்துக்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் உண்டு. 1966இல் வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இருவர் அமெரிக்காவின் நாடக, இசை, நடனக் குழுக்களின் கணக்குகளை அலசிச் சொன்னது. பிறகு ‘செலவு நோய்’ என்று பெயர் வந்தது.

நெசவாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பத்து பேர் பார்த்த வேலையை இயந்திரத்தின் துணையோடு இன்று ஒருவர் பார்க்கிறார். அவருடைய கூலி ஏறினாலும் துணி விலை அதே வேகத்தில் ஏற வேண்டியதில்லை. எட்டு பேர் நடிக்கும் ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு அன்றும் எட்டு பேர், ஒன்றரை மணி நேரம். இன்றும் அப்படியே. ஆனால் அந்த எட்டு பேரும் இன்றைய வாடகையைத்தான் கட்டுகிறார்கள், இன்றைய விலையில்தான் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். மற்ற வேலைகளில் கூலி ஏறும்போது இவர்களுடையதும் ஏறியாக வேண்டும். செய்யும் வேலையின் அளவு ஏறாமல் கூலி மட்டும் ஏறினால் வரவுக்கும் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளி வருடா வருடம் அகலும். யாரும் ஊதாரித்தனம் செய்யாமலே, யாரும் சோம்பி இருக்காமலே இது நடக்கும்.

ஒத்திகையைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை நாற்பது நாளை இருபத்திரண்டாக்கிப் பார்த்தோம். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்பது மட்டும் வரவில்லை. மேடையில் எல்லோரும் தன் முறைக்குக் காத்து நின்றார்கள். பார்த்தவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் குறை தெரிந்தது.

ஜூன் 4

சீட்டு விலையை ஏற்ற வேண்டியதுதானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏற்றினோம், ஒன்றரை மடங்காக. வசூல் ஏறக்குறைய பழைய அளவிலேயே நின்றது. மாணவர்கள் வராமல் போனார்கள். பழையபடி வந்தவர்கள் எந்த விலை வைத்தாலும் வரக்கூடியவர்கள். அடுத்த நாடகத்தில் விலையை இறக்கிவிட்டோம், ஆனால் விட்டுப்போன மாணவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஒரு பழக்கம் அறுந்தால் மறுபடி ஒட்டுவதற்கு இத்தனை காலம் ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜூன் 5

3ஆம் தேதி எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது சரி.

செலவு நோய் இருப்பதாலேயே அரசு பணம் தர வேண்டும் என்று ஆகிவிடாது. ஆசிரியர், செவிலியர், முடிதிருத்துபவர் எல்லோருடைய வேலையிலும் அதே நோய் உண்டு. இரண்டாவது, நெசவாலையில் உற்பத்தி பெருகியதால்தான் சமூகத்தின் கையில் காசும் பெருகியிருக்கிறது. நாடகத்தின் செலவு ஏறுகிறது. அந்தச் செலவைத் தாங்கும் சக்தியும் கூடவே ஏறுகிறது. பௌமோலே இதைப் பிற்காலத்தில் அழுத்திச் சொன்னார். ஆகவே நேர்மையாகச் சொன்னால் செலவு நோய் காட்டுவது ஒன்றைத்தான்: இடைவெளி யாருடைய தவறாலும் வருவதில்லை. அதை யார் நிரப்ப வேண்டும் என்பது தனிக் கேள்வி.

பதிவு செய்து விற்கலாமே என்பது நண்பரின் அடுத்த கேள்வி. ஒருமுறை பாடியதைக் கோடிப் பேர் கேட்கலாம், அப்போது உற்பத்தி ஏறிவிட்டதுதானே? ஏறியது, ஆனால் யாருக்கு? பொருளாதார அறிஞர் ஷெர்வின் ரோசன் 1981இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. பிரதி எடுக்கும் செலவு அற்பமாகிவிட்டால், முதல் இடத்தில் இருப்பவரைக் கேட்கும் எல்லோருக்கும் இரண்டாம் இடத்தில் இருப்பவர் தேவைப்படுவதில்லை. திறமையில் நூலிழை வித்தியாசம், வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தொழில்நுட்பம் சிலரை இந்த நோயிலிருந்து மீட்டது. மீதிப் பேருக்கு அதே தொழில்நுட்பம் போட்டியாக வந்து நின்றது.

ஜூன் 8

செருப்புக் கடைக்கு வருகிறேன். மூன்று நாளாக யோசித்தேன்.

செருப்பு வாங்கினால் அதன் பயன் முழுதும் வாங்கியவர் காலுக்குப் போகிறது. நாங்கள் ஒரு நாடகத்தில் கண்டுபிடித்த மேடை உத்தியை இரண்டு வருடம் கழித்து ஒரு பெரிய குழு எடுத்துக்கொண்டது, அதிலிருந்து ஒரு விளம்பரம் எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கலை அப்படித்தான் பரவும், நாங்களும் வேறு யாரிடமிருந்தோ எடுத்திருப்போம். ஆனால் முதலில் அதைத் தேடிய மாதங்களுக்கான செலவு எங்கள் தலையிலேயே நின்றது. பயன் பலருக்கும் செலவு ஒருவருக்கும் என்று இருக்கும் இடத்தில் சந்தை தேவையைவிடக் குறைவாகத்தான் உற்பத்தி செய்யும். அறிவியல் ஆய்வுக்கு இதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்திகையும் ஆய்வுதான் என்று சொன்னால் மட்டும் தயங்குகிறார்கள்.

இன்னொரு காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது: கலையில் போட்ட பணம் ஓட்டல், போக்குவரத்து, சுற்றுலா என்று சுற்றி மடங்காகத் திரும்பும் என்று. இதை என் தரப்பு நண்பர்களே ஆர்வமாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாடகத்துக்கு வந்தவர் வராமல் இருந்திருந்தால் அந்தப் பணத்தை வேறு எங்காவது செலவு செய்திருப்பார். அதைக் கழித்துப் பார்க்க யாரும் விரும்புவதில்லை. விளையாட்டு மைதானம் கட்டுபவரும் இதே கணக்கைக் காட்டுகிறார். அவர் கணக்கு பெரிதாக வந்தால் அரங்கத்தை இடித்து மைதானம் கட்டச் சம்மதிப்போமா? ஸ்பெயினின் பில்பாவோவில் 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்து ஊரின் பெயரே உலகம் முழுவதும் பரவியது. அதைப் பார்த்து எத்தனையோ நகரங்கள் பெரிய கட்டடங்களில் இறங்கின. கட்டி முடித்த பிறகு வருடா வருடம் மின்சாரம், காவல், பராமரிப்பு என்று போகும் செலவு அங்கே நிகழ்ச்சி நடத்த வேண்டிய பணத்தைத் தின்கிறது. கட்டடம் மட்டும் நிற்கிறது, உள்ளே ஆடுபவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

ஜூன் 9

நேற்று எழுதி முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. நான் சொல்ல வந்ததன் மையத்தை இன்னும் சொல்லவே இல்லை என்று தோன்றியது.

கலைக்கு மானியம் கொடுப்பதா வேண்டாமா என்று நாம் விவாதிக்கிறோம். மானியம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கொடுப்பவர் கலைஞர். எங்கள் எட்டு பேரில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் வண்டி ஓட்டினார், ஒருவர் மொழிபெயர்ப்பு செய்தார், மற்ற மூவரை வீட்டில் இருந்த இன்னொருவரின் சம்பளம் தாங்கியது. அந்த 1,400 மணி நேரத்தை இவர்களும் இவர்கள் குடும்பங்களும்தான் ஊருக்கு இனாமாகக் கொடுத்தார்கள். எங்கள் நாடகத்தின் மிகப் பெரிய புரவலர் நடிகர்களே. அரசின் பணம் வந்த வருடங்களிலும் இந்தத் தொகைக்கு அருகில் அது வந்ததில்லை.

எனவே என் கேள்வி வேறு. இந்த மானியத்தைத் தாங்கக்கூடியவர் யார்? வீட்டில் வேறு வருமானம் உள்ளவர். அது இல்லாதவர் இரண்டாவது வருடத்தில் நின்றுவிடுகிறார். நான் பார்த்ததிலேயே ஆகத் திறமையான நடிகை ஒருவர் அப்படித்தான் நின்றார். சண்டை இல்லை, வருத்தம்கூடச் சொல்லவில்லை. மாலை நேர வேலை ஒன்று கிடைத்திருக்கிறது என்றார், அவ்வளவுதான். பொதுப்பணம் இல்லாவிட்டாலும் கலை இருக்கும். ஆனால் யாருடைய கலை இருக்கும் என்பதை வீட்டுப் பணம் முடிவு செய்துவிடும்.

ஜூன் 10

“அப்படியானால் மானியம் தந்தால் கலைஞர்களின் வறுமை தீருமா?” என்று ஒருவர். நல்ல கேள்வி, எனக்குப் பிடிக்காத பதில். ஓவியரும் பொருளாதார அறிஞருமான ஹான்ஸ் ஆப்பிங், மானியம் கூடினால் கலைஞர்களின் எண்ணிக்கை கூடும், சராசரி வருமானம் கூடாது என்று வாதிட்டார். கொஞ்சம் பணம் தெரிந்தாலும் வெளியே நிற்கும் பலர் உள்ளே வருவார்கள். முதலில் படித்தபோது கோபம் வந்தது. பிறகு எங்கள் குழுவை நினைத்துப் பார்த்தேன். முதல் நிதி கிடைத்த வருடம் நாங்கள் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு பெரிய நாடகம் போட்டோம்.

இன்னொரு பொருளாதார அறிஞர் டேவிட் த்ராஸ்பி இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். பொதுவாக ஒருவருக்கு வேறு வழியில் வருமானம் வந்தால் ஓய்வைக் கூட்டிக்கொள்வார். கலைஞர் அந்தப் பணத்தைக் கொண்டு கலைக்கான நேரத்தை வாங்குகிறார். நான் கண்ணால் பார்த்தது இது. வண்டி ஓட்டிய நண்பருக்கு ஒரு வருடம் நல்ல சவாரி அமைந்தது. அந்த வருடம் ஒத்திகைக்கு அவர்தான் முதலில் வந்தார்.

ஜூன் 13

சரி, யாருக்குக் கொடுப்பது, யார் முடிவு செய்வது?

ஒருமுறை நிதி விண்ணப்பங்களைத் தேர்வு செய்யும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். இரண்டு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம், 140 விண்ணப்பங்கள். ஒன்றுக்கு ஆறு நிமிடம். நாங்கள் நேர்மையாகத்தான் இருந்தோம், யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. ஆனாலும் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள்தான் தேறினார்கள். ‘சமூகத் தாக்கம்’, ‘பங்கேற்பு’ போன்ற சொற்கள் சரியான இடத்தில் இருந்தால் மதிப்பெண் ஏறியது. ஒரு தாளில் பென்சிலால் நான்கே வரி எழுதியிருந்த ஓர் இசைக்கலைஞரை நாங்கள் இரண்டே நிமிடத்தில் தள்ளினோம். அவர் என்ன வாசிப்பார் என்று கேட்டுப் பார்க்கவும் இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அதனால் அயர்லாந்து 2022இல் தொடங்கிய சோதனையைக் கவனமாகப் பின்தொடர்ந்தேன். 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டுகளுக்கு. இன்ன படைப்பைச் செய்து காட்டு என்ற நிபந்தனை கிடையாது. கலைஞர்தானா என்ற தகுதியை மட்டும் பார்த்தார்கள். தகுதி உள்ளவர்களில் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பணம் கிடைக்காத 1,000 பேரையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் என்றதும் பலருக்கு முகம் சுளிக்கிறது. என் ஆறு நிமிடத்தைவிட அது நியாயமானது என்று நான் நினைக்கிறேன்.

ஜூன் 14

“குலுக்கலில் திறமை இல்லாதவருக்கும் விழுமே?” விழும். எங்கள் தேர்விலும் விழுந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நெதர்லாந்தில் 1949இல் தொடங்கிய ஒரு திட்டம். வருமானம் போதாத ஓவியர்கள், சிற்பிகள் தங்கள் படைப்பைக் கொடுத்தால் அரசு பணம் கொடுக்கும். படைப்புகள் குவிந்தன, கிடங்குகள் நிறைந்தன, பார்க்க ஆளில்லை, 1987இல் மூடிவிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: பொருளைக் கேட்டால் பொருள்தான் வரும். நேரத்துக்குப் பணம் கொடுப்பதும் பொருளை வாங்கிக் கிடங்கில் போடுவதும் வெளியே ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு.

பொருளை வாங்குவதே தவறு என்றும் சொல்லமாட்டேன். நார்வே 1965 முதல் தன் மொழியில் வரும் புதிய இலக்கிய நூல்களைக் கணிசமான படிகள் வாங்கி நூலகங்களுக்கு அனுப்புகிறது. அங்கே வாங்கியது கிடங்குக்குப் போகவில்லை, வாசகர் கைக்குப் போனது. சிறிய மொழியில் எழுதுபவருக்கு முதல் பதிப்பு விற்றுவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிது!

ஜூன் 18

இலவச அனுமதி பற்றி முன்பெல்லாம் வேறு மாதிரி பேசுவேன். கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் வருவார்கள் என்பேன். இங்கிலாந்தில் 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. வருகை வேகமாகக் கூடியது. ஆனால் கூடியதில் பெரும்பங்கு ஏற்கெனவே வந்து பழகியவர்கள். அவர்கள் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். நாங்களும் ஒரு காட்சியை இலவசமாக்கினோம். அதே முகங்கள், கூட அவர்களுடைய நண்பர்கள்.

பிறகு ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் பகல் இரண்டு மணிக்கு நடித்தோம். அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் நாடகமே பார்த்திராதவர்கள். கட்டணம் ஒரு தடைதான். மாலை ஏழு மணி என்ற நேரமும் பெரிய கண்ணாடிக் கதவும் அதைவிடப் பெரிய தடைகள்.

ஜூன் 20

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒரு இளைய குழு இன்று பேசியது. ஒப்புதலான நிதியின் கடைசித் தவணை ஐந்து மாதமாக வரவில்லையாம். எங்களுக்கும் இப்படி நடந்தது, ஏழு மாதம். ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து பாக்கி. நான் வட்டிக்குக் கடன் வாங்கி ஒலிக்காரருக்குக் கொடுத்தேன். ஏழு மாதம் தாமதமாக வரும் மானியத்தில் ஒரு பகுதி வட்டிக்குப் போகிறது, அது எந்தக் கொள்கை அறிக்கையிலும் வராது. தொகையைக் கூட்ட வேண்டாம், சொன்ன நாளில் கொடுங்கள். அது போதும்.

ஜூன் 25

“ஒரே ஒரு திட்டத்தைத் தேர்வு செய்யச் சொன்னால்?” என்று முதலில் கேள்வி கேட்ட வாசகரே கேட்டிருக்கிறார். அவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பதில் மகிழ்ச்சி.

ஜெர்மனியில் 1983இல் நடைமுறைக்கு வந்த கலைஞர் சமூகக் காப்பீடு. தனியாகத் தொழில் செய்யும் கலைஞர், எழுத்தாளர் தன் மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பாதி கட்டினால் போதும். மறுபாதியில், அதாவது மீதி 50 விழுக்காட்டில், 30 அவர்களுடைய வேலையைப் பயன்படுத்தும் பதிப்பகங்கள், அரங்குகள், காட்சிக்கூடங்கள், விளம்பர நிறுவனங்கள் போன்றோரிடமிருந்து வருகிறது, மீதி 20 அரசிடமிருந்து. கணக்கு எழுதியவள் என்ற முறையில் இது எனக்கு அழகாகத் தெரிகிறது. சம்பளக்காரருக்கு முதலாளி கட்டும் பங்கை இங்கே பயன்படுத்துபவர் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள். யாருடைய கலை நல்லது என்று எந்தக் குழுவும் சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சில் நிகழ்கலைக்காரர்கள், மேடை மற்றும் திரைப்படத் தொழில்நுட்பக்காரர்கள் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. 2003இல் அந்த விதிகளை இறுக்கியபோது வேலைநிறுத்தம் வெடித்து, அவிஞ்ஞோன் நாடக விழாவே ரத்தானது. இதில் கவனிக்க வேண்டியது: ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே உள்ள நாட்களும் தொழிலின் பகுதிதான் என்று அந்த முறை ஒத்துக்கொள்கிறது.

ஜூன் 26

எழுத்தாளர்களுக்கு நூலகத்தில் புத்தகம் இரவல் போவதற்கான தொகை பற்றி ஒருவர் கேட்டார். டென்மார்க் 1946இல் முதலில் தொடங்கியது. பிரிட்டனில் ஓர் எழுத்தாளருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த உச்சவரம்பு. அது இல்லையென்றால் மொத்தப் பணமும் பத்துப் பேருக்குப் போயிருக்கும்.

ஓவியம் ஏலத்தில் மறுபடி விற்கும்போதெல்லாம் ஓவியருக்கு ஒரு பங்கு, 1920இல் பிரான்ஸ் கொண்டுவந்தது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஏலத்தில் மறுபடி மறுபடி விற்பது ஏற்கெனவே புகழ்பெற்றவர்களின் ஓவியம்தான். முதல் ஓவியமே விற்காதவருக்கு மறுவிற்பனைப் பங்கால் என்ன பயன்?

ஜூலை 1

அரசுப் பணத்தை நம்பினால் அரசு வாயை அடைக்கும் என்ற பயத்தை நான் லேசாகக் கடந்துவிட்டேன் என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். உண்மைதான். அமெரிக்காவில் 1935இல் வேலையில்லாத நாடகக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திய கூட்டரசு நாடகத் திட்டத்தை 1939இல் நாடாளுமன்றமே நிதியை வெட்டி மூடியது; மேடையில் பேசிய அரசியல் பிடிக்கவில்லை. அதே காலத்து ஓவியத் திட்டத்தில் ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ போன்றவர்கள் இளம் வயதில் கூலி வாங்கினார்கள். திட்டம் முடிந்தபோது பல ஓவியத் துணிகளைக் கழிவாக எடைக்குப் போட்டார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பணம் கொடுத்த கையே மூடியது, எடைக்கும் போட்டது. ஆனாலும் அந்த ஓவியர்கள் அந்த வருடங்களில் தூரிகையைக் கீழே வைக்காமல் இருந்தார்கள். காப்பீடு, இரவல் தொகை, குலுக்கல் போன்ற வழிகளை நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான். ஒரு அமைச்சருக்குப் பிடிக்கவில்லை என்று ஒருவருடைய பெயரை மட்டும் அதில் அடிப்பது கடினம்.

ஜூலை 6

ஒரு திருத்தம். பழைய ஏட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் சொன்ன 1,400 மணி நேரம் நடிகர்களுடையது மட்டும். மேடை அமைத்த இருவர், பதினைந்து நாள், ஆறு மணி நேரம்: 180. அனுமதி வாங்க அலைந்ததும் கணக்கும் சேர்த்து என்னுடையது 60 இருக்கும். ஆடை தைத்த அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன், யோசித்து 110 என்றார். ஆக 1,750. நாடகத்தை எழுதியவரின் நான்கு மாதத்தை எப்படி எண்ணுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

ஏட்டில் ஆடைக்கு மூன்று வரி இருக்கிறது: துணி, நூல், பொத்தான். தையல் கூலி என்று ஒரு வரி இல்லை.